கிழக்குப் பக்கச் சுண்ணாம்பு

கோபப்படக் கூடாது என்று டாக்டர் மாத்திரைச் சீட்டிலேயே எழுதிக் கொடுத்திருந்தார். அவர் மட்டும் அற்புத மாதா மடத்தில் ஒரு வாரம் இருந்து பார்த்திருந்தால் அந்த மாத்திரைகளைத் தானே விழுங்கியிருப்பார்.

என் பெயர் ஷீலா. கல்பாக்கத்தில் கட்டுமானப் பிரிவில் வரைபடம் போடுகிற வேலை. சொந்த ஊர் திண்டுக்கல். டவுன்ஷிப்புக்கு வந்து பதினாறு வருஷம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மடத்துக்குத்தான் போவோம். சதுரங்கப்பட்டினத்துக்கு வடக்கே, புதிதாக அகலப்படுத்திய கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டு இறங்கிச் சவுக்குத் தோப்பு வழியாகப் போனால், கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

பூசைக்குப் போனால் பூசையைப் பார்க்க வேண்டும். நான் கூரையைப் பார்ப்பேன். தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்பு ஊற்றி இறுக்கிய தளம். ஒரு கம்பி கிடையாது, ஒரு கசிவு கிடையாது. எங்கள் குவார்ட்டர்ஸில் பன்னிரண்டு வருஷத்துக் கான்கிரீட் மழைக்கு மழை ஒழுகிக்கொண்டிருந்தது. மடத்தின் நடுவில் முற்றம், முற்றத்தில் கிணறு, சுற்றி நாலு பக்கமும் தூண் வைத்த தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டிப் பன்னிரண்டு அறைகள். ஒரு கட்டிலும் ஒரு மேசையும் போட்டால் அறை நிறைந்துவிடும். வாசல்கள் ஐந்தடி கூட இல்லை. துறவி என்றால் தன் அறைக்குள் போகும்போதும் தலை குனியட்டும் என்று கட்டியவர்கள் நினைத்திருக்கிறார்கள். நான் துறவி இல்லை, மூன்று தடவை நெற்றியில் வாங்கினேன். வடகிழக்கு மூலையில் ஐம்பதடி உயரத்துக்கு மணிக்கோபுரம். பன்னிரண்டு பேர் இருந்த அந்த இடத்தில் மிச்சமிருந்தது பிரதர் ஆபிரகாம் ஒருவர்தான். எழுபது வயதிலும் மூன்று வேளை மணி அடிப்பார்.

போன வருஷம் ஜூனில் சபைத் தலைமையகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. கோபுரத்தில் விரிசல் இருக்கிறது, ஆபத்து, கோபுரத்தோடு மடத்தையும் இடித்துவிட்டு அந்த இடத்தில் குளிர்சாதன வசதியோடு தியான இல்லம் கட்டப் போகிறோம் என்று. பிரதர் அதை மடித்து ஜெபப் புத்தகத்தில் வைத்துக்கொண்டு, "தேவ சித்தம்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தேவனுக்கு ஏர் கண்டிஷனர் எதற்கு?

விரிசலின் குறுக்கே மூன்று இடத்தில் கண்ணாடித் துண்டு ஒட்டி வைத்தேன். சுவர் ஒரு நூல் நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். நாலு மாதம் உடையவில்லை. அதை எழுதிப் படமும் போட்டு அனுப்பினேன். நான்கு கடிதத்துக்குப் பிறகு ஒரு பதில் வந்தது: கட்டடம் நூறு வருஷத்துக்கு மேற்பட்டது என்று ஆதாரம் இருந்தால் இடிப்பதை நிறுத்துகிறோம், பழங்கட்டட ஆய்வாளர் சரவணகுமார் ஜனவரி ஒன்பதாம் தேதி காலை பதினொரு மணிக்கு வருவார், அவர் சொல்வதே முடிவு.

ஆதாரத்துக்கு நான் எங்கே போவேன்? மடத்துப் பதிவேடுகளைக் கரையான் தின்றுவிட்டது. மிச்சத்தை ஒரு மழைக்காலத்தில் அடுப்பு பற்ற வைக்கப் பயன்படுத்திவிட்டார்கள். வாய்வழி வரலாறு கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். பிரெஞ்சுக்காரர்கள் கட்டியது என்றார் பிரதர். டச்சுக்காரன் கோட்டை கட்டி மீந்த செங்கல்லில் கட்டியது என்றார்கள் சதுரங்கப்பட்டினத்தில். பங்குக் கமிட்டிச் செயலாளர் செல்வராஜ் ஒரு படி மேலே போய், புனித தோமையாரே வந்து அடிக்கல் நாட்டினார் என்றார். திருப்போரூரில் மனை விற்கிறவர் அவர். மனையைப் பற்றி எப்படிப் பேசுவாரோ அப்படித்தான் மடத்தைப் பற்றியும் பேசுவார்.

"அப்ப அந்த அடிக்கல் எங்க சார்?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் விசுவாசம் மேடம். கல்லக் கேட்டா எப்படி?"

சரி, கட்டடத்தையே காட்டிவிடலாம் என்று பார்த்தால் அதற்கும் வழி இல்லை. 1974இல் ஜூபிலி என்று சொல்லி இதே கமிட்டிக்காரர்கள் கோபுரத்தின் மூன்று பக்கமும் பழைய பூச்சைக் கொத்திவிட்டு சிமெண்ட் பூசி ரோஸ் கலர் அடித்திருந்தார்கள். கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது. கடலைப் பார்த்த கிழக்குப் பக்கம் மட்டும் தப்பித்திருந்தது. அங்கே சிமெண்ட் பூசவிடாமல் குப்பத்துக்காரர்கள் சண்டை போட்டார்களாம். குப்பம் முழுக்க இந்துக்கள். மடத்துக் கோபுரத்தில் அவர்களுக்கு என்ன சண்டை என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. வருஷா வருஷம் பொங்கலுக்கு முன்னால் அவர்களே கிளிஞ்சல் சுண்ணாம்பு கொண்டுவந்து அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் வெள்ளையடித்துவிட்டுப் போவார்கள்.

"ஏன் பிரதர், அந்த ஒரு பக்கம் மட்டும்?"

"வருவாங்க, அடிப்பாங்க. நான் காபி போட்டுக் கொடுப்பேன்."

"நாப்பது வருஷமா ஏன்னு கேக்கவே இல்லையா?"

"நல்ல காரியம் செய்யறவங்களைப் போய் ஏன்னு கேக்கலாமாம்மா?"

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. முட்டிக்கொள்ளவும் அந்தக் கிழக்குச் சுவர்தான் லாயக்கு. இரண்டு விரல் கனத்துக்குச் சுண்ணாம்பு ஏறி மொத்தையாக இருந்தது. அதற்குக் கீழேதான் பழைய செங்கல் இருக்கிறது, யாருக்குத் தெரியும், வருஷம் பொறித்த கல் கூட இருக்கலாம் என்று எனக்குள் ஒரு நம்பிக்கை. ஆய்வாளர் வருவதற்குள் சுரண்டிவிடுவது என்று முடிவு செய்தேன்.

திருப்போரூரிலிருந்து நான்கு ஆட்களைக் கூட்டிவந்து, கீழிருந்து உச்சி வரை சவுக்குச் சாரம் கட்டி, இரண்டு நாள் சுரண்டினோம். உளியும் கொத்துக்கரண்டியும் வைத்துத் தட்டத் தட்ட அப்பளம் அப்பளமாகப் பெயர்ந்து விழுந்தது. குப்பத்துப் பெண்கள் மீன் கூடையோடு போகும்போது நின்று பார்த்தார்கள். அதில் கண்ணகி என்று ஒருத்தி. அவள் புருஷன் மூர்த்திக்குச் சொந்தமாக ஒரு ஃபைபர் படகு உண்டு. டவுன்ஷிப்பில் எங்கள் வீட்டுக்கும் அவள்தான் மீன் கொடுப்பாள்.

"இன்னா மேடம், இந்த வாட்டி நீங்களே எறங்கிட்டீங்க?"

"ஆமா கண்ணகி. சுத்தமா எடுத்துடணும்."

"எடுங்க எடுங்க. நல்லா சொரண்டுங்க. அடில பிடிப்பே இல்லாம கீது. நாங்க சொன்னா எங்காளுங்க கேக்க மாட்டானுங்க, மேலயே அடிச்சிகினு போவானுங்க."

பார், ஒரு மீன்காரிக்குத் தெரிகிறது, கமிட்டிக்குத் தெரியவில்லை என்று சந்தோஷப்பட்டேன். சுரண்டினால் அடுத்தது புதுச் சுண்ணாம்பு அடிப்பதுதான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். வேறு எதற்குச் சுவரைச் சுரண்டுவார்கள்? பழைய செங்கல்லைப் பார்ப்பதற்காக ஒரு பெண்பிள்ளை ஆள் வைத்துச் சுரண்டுவாள் என்று உலகத்தில் யார் நினைப்பார்கள்? நான் சொல்லவில்லை, அவள் கேட்கவில்லை.

எட்டாம் தேதி சாயங்காலம் கிழக்குப் பக்கம் முழுவதும் செங்கல் தெரிந்தது. வருஷம் பொறித்த கல் எதுவும் இல்லை. ஆனால் ஒல்லியான, தட்டையான பழங்காலச் செங்கல். மாலை வெயிலில் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இனி எவன் இடிக்கிறான் பார்க்கலாம் என்று வீட்டுக்குப் போனேன்.

ஒன்பதாம் தேதி காலை எட்டு மணிக்கு மடத்துக்குப் போனால் வாசலில் பத்துப் பதினைந்து பெண்கள். இடுப்பில் குடம், கையில் வாளி, வெள்ளையடிக்கிற மட்டை. எல்லாவற்றிலும் கரைத்த சுண்ணாம்பு. முன்னால் கண்ணகி. செல்வராஜ் கேட்டை மறித்துக்கொண்டு கையைப் பரப்பி நின்றார்.

"மேடம், இவங்களுக்கு நீங்களே சொல்லுங்க. பொங்கலுக்கு இன்னும் அஞ்சு நாள் இருக்கு. இன்னிக்கே அடிச்சே தீருவேங்கறாங்க."

எனக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறியது. "இன்னிக்குப் பதினோரு மணிக்கு ஆபீசர் வராரு கண்ணகி. இந்தச் செங்கல்லைக் காட்டத்தான் ரெண்டு நாளா உயிரை விட்டேன். மத்தியானத்துக்கு மேல நீங்க சுண்ணாம்பு அடிச்சாலும் சரி, சாணி அடிச்சாலும் சரி. இப்ப ஒருத்தரும் உள்ள வரக் கூடாது."

"சொரண்டுனா சாயந்திரமே அடிப்பீங்கன்னு பாத்தா, அப்படியே வுட்டுட்டு வூட்டுக்குப் போயிட்டீங்க! இன்னா மேடம் வேலை இது?"

"அடிக்கறதுக்காகச் சுரண்டல."

கண்ணகி என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள். பிறகு வாளியைக் கீழே வைத்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தாள். மீன் அறுக்கிற கை, இரும்புப் பிடி. செல்வராஜைத் தள்ளிவிட்டு என்னைக் கோபுரத்துக்குள் இழுத்துக்கொண்டு போய், படிக்கட்டு வழியாக மணி தொங்குகிற இடம் வரை ஏற்றினாள். மூச்சு வாங்க நின்றேன். ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள்.

"அந்தாண்ட பாருங்க."

கடலில், கரையிலிருந்து ஒரு மைல் இருக்கும், மூன்று படகுகள். ஏறி இறங்கிக்கொண்டு ஒரே இடத்தில் நின்றன.

"விடிஞ்சதுலேர்ந்து அங்கயேதான் கீறாங்க. அதுல மஞ்சப் படகு எங்க ஊட்டுக்காரரு. நேத்து மத்தியானம் போவசொல்ல கோபுரத்துல பாதி வெள்ளை இருந்திச்சு. இப்ப திரும்பி வந்தா ஒண்ணியும் காணோம்."

"கோபுரம் இங்கதானே இருக்கு?"

"அங்கேர்ந்து பாத்தா தெரியுமா? பின்னால பனமரம், சவுக்கு. எல்லாம் ஒரே கருப்பு. மேடம், நமக்கும் அவங்களுக்கும் நடுவுல பாறை கீது, தண்ணிக்கு அடில. பாறைல ஒரே ஒரு சந்து. ரெண்டு படகு அகலந்தான் இருக்கும். கோபுரத்து வெள்ளையும் அதும் பின்னால கழுக்குன்றத்து மலையும் நேரா ஒண்ணா நின்னா அதான் சந்து. ஒரு மொழம் இப்படி அப்படி ஆனா படகு ஒடஞ்சிரும். இன்னிக்கு அலை வேற எப்படி கீதுன்னு பாருங்க. எஞ்சினுக்கு எண்ணெய் இருந்தா சதுரங்கப்பட்டணம் பக்கமா சுத்திகினு வந்திருப்பாரு. அதும் இல்ல போல."

திரும்பி மேற்கே பார்த்தேன். சவுக்குத் தோப்புக்கும் வயல்களுக்கும் அப்பால் திருக்கழுக்குன்றத்து மலையும் அதன் மேல் சிவன் கோயிலும் சின்னதாகத் தெரிந்தன. மாதா கோபுரமும் சிவன் மலையும் ஒரே கோட்டில். பதினாறு வருஷம் இந்தக் கட்டடத்தை அங்குலம் அங்குலமாக அளந்தவள் நான். நாற்பது தாள் வரைந்திருந்தேன். கடலில் நின்று பார்த்தால் எப்படி இருக்கும் என்று ஒரு தடவை யோசித்ததில்லை.

"இதை ஏன் கண்ணகி அன்னிக்கே சொல்லல?"

"நீங்க கேக்கலியே!"

அவளை அறைவதா, என்னை அறைந்துகொள்வதா என்று தெரியவில்லை. மணி எட்டே முக்கால். செங்கல்லை மூடினால் ஆய்வாளருக்குக் காட்ட ஒன்றுமில்லை. கோபுரம் போய்விடும், பிரதரை எங்காவது ஒரு முதியோர் இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்கள். மூடாவிட்டால் அந்த மஞ்சள் படகு எவ்வளவு நேரம் அங்கேயே நிற்கும்? பொறுக்க முடியாமல் உள்ளே வந்து பார்த்துவிட்டால்?

"செல்வராஜ் சார்," என்று மேலிருந்தே கத்தினேன், "கேட்டைத் திறங்க!"

"ஆபீசர் மேடம்..."

"ஆபீசருக்கு நீச்சல் தெரியுமா சார்? திறங்க!"

நல்லவேளை, சாரம் இன்னும் பிரிக்கவில்லை. பெண்கள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சரசரவென்று ஏறினார்கள். வாளி கை மாறிக் கை மாறி மேலே போனது. ஓர் ஆள் குறைந்தது. சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு நானும் ஏறினேன். பிரதர் கீழே நின்று கயிற்றில் வாளி கட்டி அனுப்பினார். நேற்று கண்ணீர் விட்டுப் பார்த்த செங்கல்லை என் கையாலேயே மட்டையால் அடித்து மூடினேன். ஒவ்வொரு வீச்சுக்கும் யாரையாவது திட்டினேன். கரையானை, கமிட்டியை, தலைமையகத்தை, ஏன் என்றே கேட்காத பிரதரை. பத்தரை மணிக்கு உச்சியிலிருந்து பாதி வரை வெள்ளை ஏறியிருந்தது. வெயில் பட்டதும் கண் கூசியது.

"தெரிஞ்சிருச்சு! வராங்கடீ!" என்று யாரோ கத்தினார்கள்.

மஞ்சள் படகு முன்னால், மற்ற இரண்டும் வால் பிடித்த மாதிரி பின்னால். கோடு போட்டது போல நேராக வந்தன. இரண்டு பக்கமும் அலை பாறையில் மோதி நுரைத்தது. கண்ணகி மட்டையைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றாள். மூன்றும் சந்தைத் தாண்டிய பிறகுதான் சாரத்திலேயே உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன்.

அந்த நேரம் பார்த்து ஜீப் வந்தது.

ஆய்வாளர் சரவணகுமார் ஐம்பது வயதுக்காரர், கழுத்தில் பூதக்கண்ணாடி, கையில் ஃபைல். இறங்கி நிமிர்ந்து பார்த்தார். சுண்ணாம்பு சொட்டச் சொட்டச் சாரத்திலிருந்து இறங்கி வந்த என்னையும் பார்த்தார்.

"இடிக்கக் கூடாதுன்னு லெட்டர் மேல லெட்டர் போட்டது நீங்கதானே மேடம்?"

"ஆமா சார்."

"ஆதாரம் எங்க?"

"கீழ்ப்பாதில பழைய செங்கல் இன்னும் தெரியுது சார்."

நடந்ததைச் சொன்னேன். எரிச்சலோடு கேட்டுக்கொண்டே கீழ்ப்பாதிச் செங்கல்லின் முன்னால் குனிந்தார். ஒரு நிமிஷம்தான். உதட்டைப் பிதுக்கினார்.

"இது செல்லாது மேடம். பழைய கோட்டை, சத்திரம் எதையாவது இடிச்சு எடுத்துவந்த செங்கல்லா இருக்கலாம். அறுபது வருஷத்துக்கு முன்னாடி கட்டின வீடுகள்லயே இந்தச் செங்கல் நிறையப் பார்த்திருக்கேன். செங்கல்லுக்கு வயசு இருக்கும், கட்டடத்துக்கு இருக்கணும்னு அவசியமில்ல. தேதி இல்ல, பதிவேடு இல்ல. நான் என்னத்தை எழுத?"

இதற்காகவா இரண்டு நாள் சுரண்டினேன்? இதற்காகவா மூன்று படகைக் கடலில் நிறுத்தினேன்? பிரதர் என் தோளைத் தொட்டு, "தேவ சித்தம்" என்று தொடங்கினார். நான் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

இதற்குள் மூர்த்தி ஈரக் கைலியோடு கரையிலிருந்து ஓடி வந்தான். "எவன்டா அது கோபுரத்த அழிச்சது? பேஜாரு புடிச்சவனுங்களா! எங்க பாட்டனுக்குப் பாட்டன் காலத்துலேர்ந்து ஒரு பொங்கல் வுடாம அடிச்சிகினு வர்றோம்!"

"பாட்டன் சொன்னார்னு ரிப்போர்ட்ல எழுத முடியாதுப்பா," என்று சலித்துக்கொண்டே சரவணகுமார் ஜீப்பை நோக்கி இரண்டு எட்டு வைத்தார். காலுக்கடியில் நொறுங்கியது. சாரத்துக்குக் கீழே இரண்டு நாளாகக் கொட்டிக் கிடந்த சுண்ணாம்புச் சில்லுகள். செருப்பை உதறக் குனிந்தவர் ஒரு சில்லைக் கையில் எடுத்தார். உடைந்த ஓரத்தை வெயிலில் திருப்பிப் பார்த்தார். பூதக்கண்ணாடியை எடுத்தார். அப்படியே மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு பொங்கல் விடாமன்னா சொன்ன?"

"ஆமா சார். புயலடிச்ச வருசங்கூட."

"வருஷத்துக்கு ஒரே பூச்சுதானா?"

"ஒண்ணுதான். ரெண்டு அடிக்க யாருக்கு சார் தெம்பு கீது?"

அவர் குவியலைக் கிளறிக் கனமான சில்லாகப் பார்த்துப் பொறுக்கினார். பேனாக்கத்தியால் ஓரத்தைச் சீவினார். நானும் குனிந்து பார்த்தேன். மெல்லிய வெள்ளைக் கோடு, அதற்கு மேல் முடி போல ஓர் அழுக்குக் கோடு, மறுபடி வெள்ளை, மறுபடி அழுக்கு. ஒரு பொங்கல், ஒரு மழைக்காலம். ஒரு பொங்கல், ஒரு மழைக்காலம். கத்தி நுனியால் தொட்டுத் தொட்டு அவர் எண்ண ஆரம்பித்தார். முக்கால் மணி நேரம் ஆனது. பிரதர் காபி போட்டுக் கொண்டுவந்தார், ஆறியது.

"நூத்தி அறுபத்தி மூணு," என்றார் சரவணகுமார். "நூறு தாண்டியாச்சு. கட்டடத்தை இனி யாரும் தொட முடியாது. நான் எழுதித் தரேன்."

பெண்கள் சத்தம் போட்டுச் சிரித்தார்கள். பிரதர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். சரவணகுமார் மட்டும் சந்தோஷப்படவில்லை. சில்லின் அடிப்பக்கத்தை விரலால் தேய்த்தார். மாவாகக் கொட்டியது.

"இதுக்குக் கீழ இன்னும் எத்தனையோ இருந்திருக்கு. எல்லாம் உளி பட்டுப் பொடியாயிருச்சு. சுவரோட இருந்திருந்தா செங்கல் வரைக்கும் எண்ணிக் கட்டின வருஷத்தையே சொல்லியிருப்பேன். இந்தக் கடற்கரைல இப்படி ஒரு பதிவேட்டை நான் பார்த்ததே இல்ல." தலையைத் தூக்கினார். குரல் உயர்ந்தது. "எந்த முட்டாள் இதைச் சுரண்டினது?"

செல்வராஜ் நிமிர்ந்து கோபுரத்து மணியைப் பார்த்தார். மூர்த்தி தனக்கும் அதே பதில்தான் வேண்டும் என்பது போலச் சுற்றிலும் பார்த்தான். கண்ணகிக்குத் தெரியும். குனிந்து வாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நான்தான் சார்," என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். என் முகத்திலும் முடியிலும் சுடிதாரிலும் நூற்று அறுபத்து நான்காவது பூச்சு காய்ந்துகொண்டிருந்தது.